பத்து நாள் லீவும் கண்ணாடிக்காரர் டிரெய்லரும்

எங்கள் எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரர் அரை மில்லிமீட்டருக்குக் கோபப்படுகிற மனிதர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. அங்கே அரை மில்லிமீட்டர் பிசகினால், போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். வீட்டில் பிசகினால் இவருக்கு வரும். இவரிடமிருந்து இவர் மனைவிக்குப் போகும். அவளிடமிருந்து தெருவைத் தாண்டி எனக்கு வந்துசேரும்.

மனைவி பார்சல் கிடங்கில் மேற்பார்வையாளர். எந்தப் பெட்டி எந்த லாரியில், முன்னாலா பின்னாலா, அடியிலா மேலேயா என்று தீர்மானிக்கிறவள் அவள்தான். அங்கே நாற்பது ஆட்கள் அவள் சொன்னபடி நடக்கிறார்கள். வீட்டில் இருக்கிற ஒரே ஆள் நடப்பதில்லை.

அந்தக் கிடங்கில் லீவு எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வருஷத் தொடக்கத்திலேயே சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் தேதியை எழுதிவிட வேண்டும். எழுதியதை மாற்ற முடியாது. எடுக்காமல் விட்டால் போனது போனதுதான், அடுத்த வருஷத்துக்குச் சேராது. போன வருஷத்துப் பத்து நாளை நாத்தனார் வீடு மாறியபோது அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியே தீர்த்தாள். அதற்கு முந்தைய வருஷம் கூரை ஒழுகி, ஆட்கள் வருவார்கள் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷம் என்ன ஆனாலும் சரி, அணைக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் ஏரிக்கரைக்குப் போயே தீருவது என்று முடிவு கட்டியிருந்தாள். கடைசிப் பதினோரு கிலோமீட்டர் கல்லும் குழியுமான பாதை. தங்க ஓர் அறைகூடக் கிடையாது.

ஏரி மேல் அப்படி என்ன ஆசை என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏரி இருந்தா இருக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும்க்கா. பத்து நாளைக்கு ஒருத்தரும் என்கிட்ட வந்து, இதை எங்க வைக்கறதுன்னு கேக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள்.

ஒரு கூடாரம் வாங்கினால் அவளுக்குப் போதும். ஆனால் கண்ணாடிக்காரருக்கு இடுப்பு வலி. தரையில் படுத்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அதனால் சின்னதாக ஒரு டிரெய்லர் கட்டி காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம் என்றார். ஒரு தோட்டக்காரரிடம் பழைய இழுவண்டி இருந்தது. வெட்டிய கிளையும் புல்லும் ஏற்றி ஏற்றி, ஓரமெல்லாம் துரு தின்று, ஒரு பக்கப் பலகை இல்லாமல் கொல்லையில் கிடந்தது. கேட்டதும் சந்தோஷமாகத் தள்ளிவிட்டார். அதன் மேல் பிளைவுட்டில் ஒரு பெட்டி, உள்ளே மெத்தை, பின்பக்கம் மூடியைத் தூக்கினால் சமையல் மேடை, காட்டுப் பாதைக்குப் பெரிய டயர். ரெண்டே மாசம் என்றார். லீவுக்குப் பத்து மாதம் இருந்தது. அவளும் தலையாட்டிவிட்டாள்.

என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வீட்டுக் கார் ஷெட்தான். நானாகப் பார்க்கவில்லை, தெரிந்தது.

துருவைச் சுரண்ட மட்டும் ஐந்து வாரம். கடையிலிருந்து வந்ததும், லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு மனிதர் இரும்புச் சட்டத்தின் அடியில் மல்லாந்துவிடுவார். வெளியே தெரிவது இரண்டு கால்தான். உப்புத்தாளில் மூன்று தினுசு வைத்துத் தேய்த்தார். பெயின்ட் மூன்று கோட்டு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே நாலு நாள் காய வேண்டும். அடியில் எவன் குனிந்து பார்க்கப் போகிறான் என்று என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். நான் பார்ப்பேன் என்றாராம்.

பிறகு வெல்டர் வந்தார். பக்கத்துத் தெருக்காரர், கைவேகம் உள்ளவர், வாய்வேகம் அதைவிட. வண்டியின் அச்சை ஸ்பிரிங் பட்டைக்கு மேலிருந்து எடுத்துக் கீழே மாட்டினால் வண்டி ஒரு சாண் உயரும், கல்லில் இடிக்காது. அரை நாள் வேலை. வெல்டர் சாக்பீஸால் கோடு போட்டார். கண்ணாடிக்காரர் அதைத் துணியால் துடைத்துவிட்டுக் கூர்சீவிய பென்சிலால் மறுபடி போட்டார். சாக்பீஸ் கோடே மூன்று மில்லி தடிமனாம். அதில் இந்த ஓரத்தில் வெட்டுவதா அந்த ஓரத்தில் வெட்டுவதா என்று விளக்கம் வேறு.

வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "சார், உங்க பென்சில் கோடு என் கண்ணுக்குத் தெரியணும்னா முதல்ல உங்க கடைக்கு வந்து கண்ணாடி போடணும்" என்றார்.

அரை நாள் வேலை பன்னிரண்டு சாயங்காலம் நடந்தது. பதின்மூன்றாம் சாயங்காலம் ஷெட்டிலிருந்து ஸ்பீக்கர் போட்டுப் போனில் கூப்பிட்டபோது வெல்டர் ஊரில் இல்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். வெல்டர் பின்னாலிருந்து இருமியது எனக்கே கேட்டது.

பெட்டி எழும்பியது. அதைப் பார்க்க நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மூலைகள் கண்ணாடிப் பெட்டி மாதிரி பொருந்தியிருந்தன. கதவை மட்டும் ஐந்து தடவை கழற்றி மாட்டினார். இடுக்கில் ஒரு காகிதத் துண்டைச் செருகி மேலிருந்து கீழே இழுப்பார். எங்கேயாவது ஒரு இடத்தில் லூசாக வந்தால் கீலைக் கழற்றுவார். இதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அவள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஷெட்டைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கிறவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

ஆனால் மனிதர் உயிரை விட்டது பின்பக்கச் சமையலறைக்குத்தான். மூடியைத் தூக்கினால் அடுப்பு, கைகழுவும் தொட்டி, மசாலா டப்பாவுக்கு அளவெடுத்த குழிகள், சத்தமே இல்லாமல் சறுக்கும் இழுப்பறைகள். அடியில் எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் பேட்டரி. அதற்குப் பக்கத்தில் சின்ன ஃபிரிட்ஜ். எல்லாம் சேர்த்து அறுபத்து நாலு ஸ்க்ரூ என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அன்றைக்கு அவள் கிடங்கிலிருந்து வந்து, மின்னும் பட்டை வைத்த மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கனமானதெல்லாம் பின்னாடியே போகிறதே என்று கேட்டாள்.

"உன் கிடங்கு வேற, இது வேற. இது டிசைன்" என்றார்.

அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நாற்பது பேருக்கு உத்தரவு போடுகிற வாய் அது. எனக்கே பொறுக்கவில்லை, கொத்தமல்லி கேட்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். அவளோ, விடுங்கக்கா, முடிஞ்சா சரி, தேதிக்குக் கிளம்பினா போதும் என்றாள்.

தேதி வந்தது. ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்கு மனிதர் இன்னும் ரசமட்டத்தை வைத்து மேடை சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரமாக ஒரே இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வது மிகை.

காரில் மாட்டுவதற்கு முன், டிரெய்லரின் மூக்கை, அதாவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிக் கம்பியை, இரண்டே விரலால் தூக்கிக் காட்டினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த வெல்டரைப் பார்த்து, "பார்த்தியா? எத்தனை கிலோ வண்டி, ரெண்டு விரல்ல நிக்குது. இதுக்குப் பேர்தான் பேலன்ஸ்" என்றார். வெல்டர் தலையைச் சொறிந்தார். அவள் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள்.

அவர் நேராக டிரெய்லருக்கு அடியில் போய்விட்டார். அவள்தான் சொன்னாள். பெரிய சாலையில் ஏறி எழுபதைத் தாண்டியதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்திருக்கிறது. காரின் இந்தப் பக்கக் கண்ணாடியில் ஒரு தடவை தெரியும், உடனே அந்தப் பக்கக் கண்ணாடியில் தெரியும். காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்திருக்கிறது. இவர் பயந்து பிரேக்கை மிதிக்க, ஆட்டம் கூடியதாம். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டுத் தள்ளியே நின்றுகொண்டாராம். எப்படியோ ஓரம் கட்டி, அங்கிருந்து முப்பதிலேயே ஊர்ந்து வீடு சேர்ந்திருக்கிறார்கள்.

அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சக்கரத்துக்குச் சக்கரம் குறுக்காக அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது. திங்கட்கிழமை டயரில் காற்றைக் குறைத்தார், கூட்டினார், மறுபடி குறைத்தார். தினமும் சாயங்காலம் ஊருக்கு வெளியே சோதனை ஓட்டம். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகமும் இரண்டு பக்க ஜன்னலைப் பார்த்திருக்கும். ஆடுதா என்பார், ஆடுது என்பாள். அந்த நாலு நாளும் அவர்களுக்குள் நடந்த பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

கடையில் கூட வேலை பார்க்கிறவரைக் கேட்டார். வீடியோ போடுகிற யாரோ ஒருவருக்கு எழுதிக் கேட்டார். வேறு தேசத்திலிருந்து முகம் தெரியாத ஆள் ஒருவர் பதில் போட, அதைப் படித்துவிட்டு ஸ்பிரிங்கைக் கழற்றினார். வெல்டர் ஒருநாள் வந்து, "பின்னாடி கனம் சார், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடிக்காரர் மறுபடியும் இரண்டு விரலால் மூக்கைத் தூக்கிக் காட்டினார். அவர் கேட்காமல் விட்டது உலகத்திலேயே ஒரே ஒரு ஆளைத்தான். அந்த ஆள் காலையிலேயே குளித்து, பயண ஷூவை மாட்டிக்கொண்டு, மூட்டை கட்டிய பையோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் பையைத் திறந்து பல் தேய்க்கிற பிரஷ்ஷை மட்டும் வெளியே எடுப்பாள். மறுநாள் காலை தேய்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பாள். எங்கள் வீட்டில் வந்து சாப்பிடேன் என்று கூப்பிட்டேன். நான் லீவில் இருக்கேன்க்கா, ஊர்ல இல்ல என்றாள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் தினமும் ஏறி நின்று மனம் உடைகிற எடை மெஷின் ஒன்று இருக்கிறதே, அது வேண்டும் என்றாள். எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். என் மெஷின், நான் போகாமல் எப்படி.

கண்ணாடிக்காரர் அளவு டேப்பும் கையுமாகக் குந்தியிருந்தார். அவள் அவரைக் கேட்கவில்லை. நாலு செங்கல்லை அடுக்கி, அதன் மேல் மெஷினை வைத்து, டிரெய்லரின் மூக்கை அதன் மேல் இறக்கினாள். முள் ஏழில் நின்றது.

"ஏழு கிலோ" என்றாள். "மொத்த வண்டி அறுநூறுக்குக் கிட்ட இருக்கும். மூக்குல அறுபது கிலோவாவது அழுத்தணும். அழுத்தலைன்னா வால்தான் வண்டிய ஓட்டும். எங்க கிடங்குல புதுசா வர்றவனுக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கறது இது."

மெஷின் பழசு என்றார் அவர். நான் ஏறி நின்று காட்டினேன். அது பழசு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, தெரிந்திருக்க வேண்டாம்.

அப்புறமும் அவர் விடவில்லை. பத்து மாதமாக ஒவ்வொரு இடத்தையும் மூன்று முறை அளந்திருக்கிறேன், தப்பு வர வழியே இல்லை என்றார்.

"அளந்தீங்க. ஒரு தடவையாவது நிறுத்துப் பார்த்தீங்களா?"

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார். வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது, சமையலறை முழுவதையும் முன்பக்கம் வருகிற மாதிரி புதிதாக வரைந்துவிடலாம், ஒரு மாதம் கொடு என்றார். இப்படியும் ஒரு மனிதர் சொல்வாரா என்று எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இங்க பாருங்க" என்றாள், கிடங்கில் பேசுகிற குரலில். "என் லீவுல இன்னும் ஆறு நாள் இருக்கு. அதுல இன்னைக்கு ஒரு நாளைத்தான் உங்க டிரெய்லருக்குத் தருவேன். மீதி அஞ்சு நாள் என்னோடது. ஸ்க்ரூ டிரைவர் எங்க?"

அவர் கொடுத்தார். வேறு வழி என்ன இருக்கிறது.

அறுபத்து நாலு ஸ்க்ரூவையும் அவளே கழற்றினாள். பாதியில் வெல்டர் வந்து கைகொடுத்தார். அந்தப் பக்கமாக வந்தாராம். தண்ணீரைத் திறந்துவிட்டு, காலித் தொட்டியைக் கழற்றி வைத்தார்கள். சமையல் மேடை முழுசாக வெளியே வந்தது. ஃபிரிட்ஜ் வந்தது. பேட்டரியை மட்டும் தூக்கி மூக்குக்கு மேலே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். வெல்டர் சாக்பீஸாலேயே கோடு போட்டு, ஒரு மணி நேரத்தில் இரும்புக் கூடு ஒன்று அடித்துக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், துடைக்க எடுத்த துணியைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீருக்கு நாலு கேன், அதுவும் முன்பக்கம். ஒவ்வொன்று வைத்ததும் மெஷினைப் பார்ப்பாள். இருபத்தொன்பது. நாற்பத்து நாலு. கடைசிக் கேனுக்கு அறுபத்திரண்டு. அங்கே நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் சோதனை ஓட்டம் போய் வந்தார்கள். இந்தத் தடவை அவள் ஓட்டினாள். தொண்ணூறு வரைக்கும் போனதாகவும், டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை என்றும் அவள் சொல்லவில்லை. அவர்தான், கேட்காமலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணி. நான் அன்று பெருக்குகிற நாடகமெல்லாம் போடவில்லை, நாற்காலியே போட்டுக்கொண்டேன். டிரெய்லரின் பின்பக்கம் சமையலறை இருந்த இடம் பல் பிடுங்கின மாதிரி ஓவென்று திறந்திருந்தது. அவள் அதைக் கிடங்குத் தார்ப்பாயால் மூடி, லாரிக்குக் கட்டுகிற பெல்ட்டைப் போட்டு இறுக்கியிருந்தாள். அழகு என்று சொல்ல முடியாது. கண்ணாடிக்காரர் அதைப் பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கோலத்தில் எப்படி வெளியே கொண்டுபோவது, ஒரு பலகை அறுத்துப் பொருத்திவிடுகிறேன், பெயின்ட் காய மட்டும் ஒரு நாள், சனிக்கிழமை கிளம்பலாமே என்றார். டேப்பை இழுத்து அகலத்தைக்கூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"நான் கிளம்பறேன். வர்றதுன்னா வாங்க. பலகைதான் முக்கியம்னா இருங்க, வீட்டு ஃபிரிட்ஜ்ல குழம்பு இருக்கு. நிஜமாவே எனக்குக் கோபம் இல்ல. ஆனா நான் நிக்க மாட்டேன்."

வண்டி நகர்ந்தது. சத்தமில்லாமல் தெருவில் இறங்கி, எங்கள் வாசலைத் தாண்டி, மூன்று வீடு தள்ளிப் போயிற்று. மனிதர் நீட்டிய டேப்போடு அப்படியே நின்றார். வெறும் மிரட்டல் என்று நினைத்தாரோ என்னவோ. அவளோ கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாவது வீட்டுக்கு முன்னால் போகும்போது இவருக்கு விஷயம் விளங்கியது. இடுப்பு வலிக்காரர் ஓடினார் பாருங்கள். செருப்பு ஒன்று எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது. முனையில் வண்டி திரும்ப வேகத்தைக் குறைத்தபோது கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அவள் நிறுத்தினாளா, திருப்பத்துக்காகத்தான் குறைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

மதியம் ஒரு மணிக்குப் போன் வந்தது. மலையடிவாரத்தில் இருக்கிறார்களாம். பேசியது அவர். சமையல் மேடையை ஷெட்டில் ஜன்னல் பக்கம் வைத்துவிட்டோம், வெயில் பட்டால் பாலிஷ் வெளுத்துவிடும், என் வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு முழம் உள்ளே தள்ளி, ஆனால் சுவரில் இடிக்காமல் சரியாக எத்தனை சென்டிமீட்டர் விட்டு என்றால் என்று ஆரம்பித்தார். போன் கை மாறியது.

"அக்கா, அது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்" என்றாள். "இதோ காட்டுப்பாதை ஆரம்பிக்குது. போனை அணைக்கப் போறேன். திங்கட்கிழமை சாயங்காலம்தான் போடுவேன்."

வழி எப்படி இருந்தது, டிரெய்லர் ஆடியதா, அவர் முகத்தை எப்படி வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்கு எவ்வளவோ இருந்தது. போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு தகவலாவது அனுப்பு என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள். ஐந்து நாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியே கிடந்தது, பார்க்க ஒன்றுமே இல்லை.